தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும்

— திருமதி பெல்னாப், சபையைப் பாத்துப் பேசக் கூடாது. தலைவரைப் பாத்துத்தான் பேசணும். விதி.

— எந்த விதி?

— நம்ம தாத்தா காலத்துக்கும் முன்னாடி இருந்து இந்த ஊர்க் கூட்டத்துல இருக்கிற விதி. யாரு எந்திரிச்சாலும் தலைவர்கிட்டத்தான் பேசணும். இந்த வருஷமும் என்னைத்தான் தலைவரா உக்கார வச்சிருக்காங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— நான் தெரியாமத்தான் கேக்குறேன் ஹைரம், உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணினது இந்த ஊருக்கே தெரியும். தினமும் உன் வீட்டைத் தாண்டித்தான் ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டுப் போறேன். ஒரு நாளாவது உன் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பியிருப்பேனா?

— ‘ஹைரம்’ இல்ல. ‘தலைவர் அவர்களே’.

— ஏப்பா ஹைரம், ஒரு சந்தேகம். அக்காவும் தம்பியும் ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு இப்பத்தான் வாயைத் தொறந்து பேசுறீங்க. இதை நடவடிக்கைக் குறிப்புல எழுதணுமா, வேண்டாமா?

— ஹெஸ்டர் அம்மா, நீங்க ஊர் எழுத்தர். தீர்மானத்தை மட்டும் எழுதினாப் போதும்.

— தீர்மானத்தை மட்டும் எழுதி எழுதியே தலை நரைச்சுப் போச்சு தம்பி. போன வருஷம் என்ன எழுதினேன்? மண்வெட்டி வாங்குறது, பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிறது. இன்னைக்குத்தான் எழுதுற மாதிரி ஏதோ நடக்குது.

— திருமதி பெல்னாப், பேசுறதுன்னா பேசுங்க. இல்லைன்னா உக்காருங்க.

— பேசுறேன். தலைவர் அவர்களே. போதுமா, இல்ல மண்டி போடணுமா?

— போதும். எந்தத் தீர்மானம்?

— கடைசித் தீர்மானம். முகமூடித் தீர்மானம்.

— ஹெஸ்டர் அம்மா, சபைக்கு வாசிச்சுக் காட்டுங்க.

— இரு, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். “நீதிபதி கையொப்பமிட்ட ஆணை இல்லாமல், முகத்தை மறைத்துக்கொண்டு ஆட்களைப் பிடிக்க வரும் குடியேற்றத் துறையினருக்கு இந்த ஊரின் காவலரோ, வண்டியோ, கட்டடமோ எவ்வித உதவியும் செய்யலாகாது.” முன்மொழிஞ்சது ரோவீனா பெல்னாப். நல்லா எழுதியிருக்கே ரோவீனா. ‘செய்யலாகாது’ன்னு போட்டதும் ஒரு கெத்து வந்துருச்சு.

— நன்றி ஹெஸ்டர். தலைவர் அவர்களே, எங்க அம்மா எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லிக் குடுத்தா.

— எந்த ரெண்டு பேருக்கும்?

— எனக்கும் என் தம்பிக்கும். நீங்க அவனைப் பாத்திருக்க மாட்டீங்க. முன்னாடி நல்ல பையன்.

— பின்வரிசையில சிரிப்பு வேண்டாம். ஓட்டிஸ், சபையில தொப்பியைக் கழட்டு.

— கதவைத் தட்டுறவன் மூஞ்சியைக் காட்டணும், பேரைச் சொல்லணும். அம்மா சொன்னது அவ்வளவுதான். ஓட்டு கேக்க வர்றவன் சொல்றான். தபால்காரர் சொல்றாரு. மூஞ்சியை மூடிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறது ஹாலோவீனுக்கு வர்ற பிள்ளைங்கதான். அதுங்களுக்கு மிட்டாய் குடுத்து அனுப்பிருவோம். இவனுங்களுக்கு மட்டும் எதுக்கு ஊர்ச் சாவியைக் குடுக்கணும்?

— ஓட்டிஸ் கை தூக்குறாரு. சொல்லு ஓட்டிஸ். சத்தமா. ம். ம். சரி, உக்காரு. வாஷிங்டன்ல பெரிய பெரிய ஆளுங்க முடிவு பண்ணினதை மாத்திப் பேச நாம யாருன்னு கேக்குறாரு.

— ஓட்டிஸ்கிட்ட சொல்லுங்க தலைவர் அவர்களே.

— அவரு உங்களுக்கு ரெண்டு நாற்காலி தள்ளித்தானே உக்காந்திருக்காரு.

— விதி. உங்க மூலமாத்தான் பேசணும். ஓட்டிஸ்கிட்ட கேளுங்க, பெரிய பெரிய ஆளுங்க முட்டை விலையை முதல் நாளே இறக்குறேன்னாங்களே, என்னாச்சுன்னு. கனடா இரும்புக்கு வரியைப் போட்டாங்களே, மேப்பிள் பாகு காய்ச்ச ஓட்டிஸ் வாங்க நினைச்ச புதுச் சட்டி இன்னும் கடையிலயேதானே கிடக்குதுன்னு கேளுங்க. நம்ம கிளினிக்குல டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் வர்றாரு. மத்த நாள்ல நெஞ்சு வலிச்சா நாம தள்ளிப் போடணுமாம். அங்க வெள்ளை மாளிகையில ஒரு பக்கத்தை இடிச்சு டான்ஸ் ஆட மண்டபம் கட்டுறாங்க. ஓட்டிஸுக்கு அழைப்பு வந்துச்சான்னு கேளுங்க.

— ஓட்டிஸ், அழைப்பு வந்துச்சா? வரலையாம்.

— வராது. நம்ம ஓட்டு வேணும், நம்ம பாலு வேணும். நம்ம மூஞ்சி வேண்டாம்.

— ஏம்மா ரோவீனா, முட்டைன்னதும் ஞாபகம் வருது. இந்த ஹைரம் ஒண்டிக்கட்டை. போன சனிக்கிழமை கடையில மூணு டஜன் முட்டை வாங்கிக்கிட்டுப் போனான். எனக்கு முன்னாடி வரிசையில நின்னான். கூடவே ஒரு பெரிய சோளப் பொரி டப்பா, மேல கரடிப் பொம்மை போட்டது.

— எனக்கு முட்டை பிடிக்கும் ஹெஸ்டர் அம்மா.

— கரடியும் பிடிக்குமா?

— ஒழுங்குமுறைப்படி, எழுத்தர் குறிப்பு மட்டும்தான் எழுதணும்.

— அதே சனிக்கிழமை பாலத்துல நாங்க ஏழெட்டுப் பேரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம் தலைவர் அவர்களே. ‘இந்த நாட்டுல ராஜா கிடையாது’ன்னு எழுதின அட்டை. குளிர்ல மூக்கு விறைச்சுப் போச்சு. அந்த வழியா உங்க பிக்கப் வண்டி வந்துச்சு. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுச்சு. அது திட்டா, பாராட்டா?

— மான் குறுக்க வந்துச்சு.

— பாலத்து மேலயா?

— நல்ல மான். நீந்தத் தெரியாத மான். திருமதி பெல்னாப், தீர்மானத்துக்கு வாங்க.

— அதுக்குத்தான் வர்றேன். ஆனா எங்க ஆரம்பிச்சுச்சோ அங்க இருந்துதான் வர முடியும். தேர்தல் முடிஞ்சதும் வந்த நன்றித் திருநாள் விருந்து. எங்க தம்பி வீடு. வான்கோழியை வெட்டிக்கிட்டே, இனிமே நாட்டுல ஒழுங்கு வந்துரும், வெளியாளுங்களை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பிருவாங்கன்னான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உன் மாட்டைக் கறக்கிறது யாருடான்னு. அதுக்கு அவன், என் வீட்டுல என் சாப்பாட்டைத் தின்னுக்கிட்டு எனக்கே புத்தி சொல்றியான்னான். எந்திரிச்சு வந்துட்டேன்.

— சும்மா வரலை. ஆப்பிள் பையையும் தூக்கிக்கிட்டு வந்தீங்க.

— நானே மாவு பிசைஞ்சு, ஆப்பிளை உள்ள வச்சுச் சுட்ட பலகாரம்.

— யாரும் ஒரு துண்டுகூட வாயில வைக்கலை. இன்னும் சூடா இருந்துச்சு. அது அநியாயம். அது குறிப்புல ஏறட்டும்.

— எழுதிக்கிறேன் தம்பி. ‘ஆப்பிள் பை, சூடு, அநியாயம்’.

— இன்னைக்கும் ஒண்ணு சுட்டுக் கொண்டாந்திருக்கேன். மேஜையில இருக்கு. தீர்மானம் தோத்துச்சுன்னா அதையும் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்.

— சபையை மிரட்டக் கூடாது.

— சரி, மிரட்டலை. இப்ப சிரிக்கிறதை நிறுத்திட்டுக் கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பால் சொசைட்டி பக்கத்துல நம்பர் பலகை இல்லாத வண்டி ரெண்டு நின்னுச்சு. எல்லாரும் பாத்தோம். உள்ள மூஞ்சியை மூடின ஆளுங்க. மறுநாள்லேருந்து யூசேபியோவைக் காணோம். அவன் பொண்டாட்டி மரிசோல், மூணு பிள்ளைங்க, யாரையும் காணோம். ஆறு வருஷமா இந்த ஊர்ல மாடு கறக்கிறவன். போன வெள்ளத்துல ஓட்டிஸோட டிராக்டரை ஆத்துலேருந்து இழுத்துக் குடுத்தவன். ஓட்டிஸ், தலையைக் குனியாத. நான் உன்னைத் திட்டலை.

— என்னைப் பாத்து, திருமதி பெல்னாப்.

— உங்களைப் பாத்துத்தான் பேசப்போறேன். பெரியவ இட்செல், ரெண்டாம் வகுப்பு. பஸ்ஸுல என் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடம் அவளோடது. முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கும். ஊரு வந்து சேர்ற வரைக்கும் வாயை மூட மாட்டா. அந்த இடத்துல யாரையும் நான் உக்கார விடலை. தினமும் அவங்க குடியிருந்த டிரெய்லர் வீட்டு முன்னாடி பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். நேத்தும் அடிச்சேன். விளக்கு எரியலை. புகைபோக்கியில புகை இல்லை. பஸ்ஸுல இருக்கிற பிள்ளைங்ககூட இப்ப ஒண்ணும் கேக்கிறதில்லை.

— நேரம் முடியப்போகுது.

— அந்த டிரெய்லர் நிக்கிறது உன் பண்ணையில ஹைரம். உன் வீட்டு வாசலுக்கு எதிர்ல. உன் மாட்டைத்தான் அவன் கறந்தான். இந்த ஊர் முழுக்க ஒரு பேச்சு ஓடுது, என் காதுலயும் விழுந்துச்சு. நான் நம்பலை. நம்பாம இருக்கத்தான் பாக்கிறேன். நீயா அந்த முகமூடி ஆளுங்களுக்குப் போன் போட்டே?

— தலைவரைச் சொந்தக் கேள்வி கேக்கக் கூடாது.

— ஆமா, இல்லை. ஒரு வார்த்தை.

— விதி, திருமதி பெல்னாப்.

— அம்மா வயித்துல எனக்கப்புறம் பொறந்தவன்டா நீ. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— ஏப்பா ஹைரம். இதை எழுதணுமா?

— வேண்டாம் ஹெஸ்டர் அம்மா.

— பேனாவை எப்பவோ கீழ வச்சுட்டேன்.

— விவாதம் முடிஞ்சது. ஓட்டுக்கு விடுறேன். ஆதரிக்கிறவங்க ‘ஆம்’னு சொல்லுங்க. எதிர்க்கிறவங்க ‘இல்லை’ன்னு சொல்லுங்க. ரெண்டு சத்தமும் ஒண்ணாத்தான் இருக்கு. எனக்குப் பிரிச்சுச் சொல்ல முடியலை. எல்லாரும் எந்திரிங்க. ‘ஆம்’ சாப்பாட்டு மேஜைப் பக்கம். ‘இல்லை’ ஜன்னல் பக்கம். ஹெஸ்டர் அம்மா, எண்ணுங்க.

— எல்லாரும் அசையாம நில்லுங்கப்பா. ஆட்டுக்குட்டியை எண்ணுறதே சுலபம் போல. ஜன்னல் பக்கம் நாப்பது. மேஜைப் பக்கம் நாப்பத்திரெண்டு.

— நெசமாவா ஹெஸ்டர்? ஜெயிச்சுட்டோமா?

— ஒரு நிமிஷம். ஓட்டிஸ், நீ எதுக்கு மேஜைப் பக்கம் நிக்கிற? கையில என்ன முள்கரண்டி? ஆப்பிள் பைகிட்ட இடம் பிடிக்க நின்னியா? உன் ஓட்டு எது? ‘இல்லை’யா? அப்ப ஜன்னல் பக்கம் போ. முள்கரண்டியை வச்சுட்டுப் போ.

— ஐயோ ஓட்டிஸ். முதல்லயே உனக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுத்திருக்கணும். என் புத்தி எங்க போச்சு.

— இப்ப இந்தப் பக்கம் நாப்பத்தொண்ணு, அந்தப் பக்கம் நாப்பத்தொண்ணு. சமம். தம்பி, தலைவர் ஓட்டு இன்னும் விழலை. சமமா வந்தாத்தான் அவரு போடணும். அதுவும் விதிதானே?

— விதிதான்.

— தலைவர் அவர்களே.

— சொல்லுங்க திருமதி பெல்னாப்.

— முடிவை இவங்களைப் பாத்துச் சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்ல வேண்டாம். என்னால தாங்க முடியாது.

— தலைவர் சபையைப் பாத்துத்தான் சொல்வாரு. தலைவர் ஓட்டு, ‘ஆம்’. தீர்மானம் நிறைவேறியது.

— அட என் ராசா. ஹைரம், இன்னொரு தடவை சொல்லு, எழுதிக்கிறேன்.

— ‘ஆம்’, ஹெஸ்டர் அம்மா. கொட்டை எழுத்துல போடுங்க. கைதட்டக் கூடாது. கைதட்டக் கூடாதுன்னேன். சரி, தட்டித் தொலைங்க. ஓட்டிஸ், நீதான் தோத்துட்டியே, நீ எதுக்குத் தட்டுற? சாப்பாட்டு நேரம் வந்துருச்சாம். சபை சாப்பாட்டுக்குக் கலைகிறது.

— நான் பீன்ஸ் சட்டி காலியாகிறதுக்குள்ள போறேன். நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறதா இருந்தா என்னைக் கூப்பிடுங்க, வந்து பாக்கிறேன்.

— ஹைரம். நன்றி. அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதே. கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலை.

— அத்தனை பேரு முன்னாடி வராது. அந்த ஆப்பிள் பையை முழுசா எனக்குக் குடு.

— முழுசா? ஒத்த ஆளு என்ன பண்ணுவே? அந்தக் கிழட்டு நாய்க்குப் போடவா?

— அதுக்கும் ஒரு துண்டு.

— விளையாடாத. வயித்தெரிச்சல்ல நிக்கிறேன். அந்தப் பிள்ளைங்க எந்தச் சிறையில எப்படி இருக்குதோன்னு எனக்குத் தூக்கமே இல்லை.

— மெதுவாப் பேசு. மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வை. நாளைக்குக் காலையிலயும் டிரெய்லர் முன்னாடி நிறுத்தி ஹாரன் அடிப்பியா?

— அடிப்பேன். அவ வந்து உக்கார்ற வரைக்கும் அடிப்பேன். உனக்கு என்ன அதுல?

— அடி, அக்கா. நிறுத்திராத. என் மாடி ஜன்னல்ல நின்னு தினமும் அவ உனக்குக் கையாட்டுறா, நீதான் ஒரு நாளும் என் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பலை.