என் காது குணமான விதம்

காது இப்போ நல்லா இருக்கு டாக்டர். வலது பக்கம் மட்டும் லேசா ஒரு ரீங்காரம், அதுவும் ஃபேனைப் போட்டுட்டா தெரியறதில்ல. இங்க வர்ற மத்தவங்களுக்கும் சொல்லணும், எப்படிக் குணமாச்சுன்னு விவரமாச் சொல்லுங்கன்னு கேட்டீங்க. நல்ல காரியம். ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றேன்.

பேர் சங்கரலிங்கம், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நெய்வேலிக்கு வந்த நாள்லேருந்து மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பெரிய மிஷின் வெட்டிப் போடுற மண்ணை மேல கொண்டு போற பெல்ட் அது. மோட்டாரை ஒட்டின மாதிரி ஒரு கேபின், அதுக்குள்ளயே என் பாதி ஆயுசு போச்சு. அந்தச் சத்தத்தை நீங்க ஒரு நாள் கேட்டிருந்தா காது டாக்டருக்குப் படிச்சிருக்க மாட்டீங்க, பல் டாக்டருக்குத்தான் போயிருப்பீங்க.

எண்பத்தொண்ணாம் வருஷம் தீபாவளி முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுது. காதுக்குள்ள கொய்ங்னு ஒரே சத்தம். என் வீட்டுக்காரி காந்திமதி ரேடியோவை அணைக்காம விட்டுட்டான்னு அவளைப் புடிச்சுத் திட்டினேன். ரேடியோ ரிப்பேருக்குப் போய் ஒரு வாரமாச்சுன்னு பொறுமையாச் சொன்னா. அப்பதான் விஷயம் விளங்குச்சு.

அப்புறம் ஊர்ல இருக்கிற சத்தமெல்லாம் எனக்குப் பகையாச்சு. தோசைக்கல்லுல கரண்டி உரசினா உடம்பு தூக்கிப் போடும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் புதுசா மிக்சி வாங்கியிருந்தாங்க. பிளாக் முழுக்கத் தெரியற வரைக்கும் சட்னி அரைச்சாங்க. வைத்தியத்துக்கா பஞ்சம்? பூண்டு எண்ணெய் விடுங்கன்னாங்க, சுக்கு அரைச்சுப் பத்துப் போடுங்கன்னாங்க. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார். பொறாமைப்பட்டுக் கண்ணு வைக்க, போயும் போயும் ஒரு பெல்ட் ஆபரேட்டரா கிடைச்சான்னு கேக்கணும்னு இருந்துச்சு.

மெட்ராஸ்ல ஒரு டாக்டரைப் பாத்தேன். நரம்பு கெட்டது கெட்டதுதான், ஆனா மனசு அதுக்குப் பழகிடும்னார். ராத்திரி ஃபேன் ஓடட்டும், ரொம்ப நிசப்தமா இருந்தா காது இரைச்சல்தான் பெரிசாத் தெரியும்னார். ஆனா திடீர்னு அலறுற சத்தம் பக்கத்துல இருக்கவே கூடாது, வேற வேலை கேட்டு வாங்கிக்குங்கன்னார். வேற வேலைன்னா அன்ஃபிட்னு எழுதிடுவாங்க. ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட்டுக்குக் காவல் உக்கார வச்சிடுவாங்க. ஆபரேட்டர்னு பேரெடுத்த மனுஷன் ஸ்டோர்ஸ் செவிடன்னு பேரெடுக்கணுமா? அதனால வேலையை மாத்தறதுக்குப் பதிலா சத்தத்தை மாத்தலாம்னு முடிவு பண்ணினேன்.

மோட்டார் சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சா போதும், சமாளிச்சிடலாம். சைரன்தான் எமன். அது ஏன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பெல்ட் நிக்கிறப்பெல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க மம்மட்டியும் கூடையுமா அடியில பூந்து, சிந்தின மண்ணை வாருவாங்க. மறுபடி ஓட்டறதுக்கு முன்னால ஆபரேட்டர் சைரன் அடிக்கணும். அடிச்சா வெளிய வந்துடுவாங்க. சைரன் வராத வரைக்கும் ஒருத்தரும் தலையைத் தூக்கிப் பாக்க மாட்டாங்க, அவ்வளவு நம்பிக்கை. அந்தச் சைரனோட வாய் என் கேபினுக்கு நேர் மேல இருந்துச்சு. ஒரு தடவை அடிச்சா ரெண்டு ராத்திரி தூக்கம் போயிடும்.

மிஷின் துடைக்கிற வேஸ்ட் துணியைச் சுருட்டி அது வாயில அடைச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சா உருவி டிபன் பையில போட்டுக்குவேன். அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாது பாருங்க. ஃபோர்மேன் தெய்வசிகாமணி ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து, "என்னய்யா, சைரனுக்குச் சளி புடிச்சிருக்கா"ன்னார். ஆமா சார்னேன். தன் ஜோக்குக்குத் தானே சிரிச்சுக்கிட்டு நிழலைப் பாத்துப் போயிட்டார்.

நான் ஒண்ணும் பொறுப்பில்லாதவன் இல்ல. மாத்து ஏற்பாடு பண்ணினேன். அந்த கான்ட்ராக்ட் கூட்டத்துல பாவாடைன்னு ஒருத்தன், வளையமாதேவிப் பக்கத்து ஆளு. அவன் பெண்சாதி வீரம்மாளும் அங்கயேதான் மண் வாரினா. அவனைக் கூப்பிட்டு, நான் கை காட்டினதும் எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டு சிவப்புத் துண்டை ஆட்டு, அப்புறம் ஓட்டறேன்னு சொன்னேன்.

தலையைச் சொறிஞ்சான். "சைரனே அடிச்சிட்டாத் தேவலைங்களே சார். பொம்பளைங்க குனிஞ்சிகினு வாருவாளுங்க. நான் ஒருத்தன் இல்லாத நேரத்துல இன்னாங்க பண்றது?"

உன் பர்மனென்ட் விஷயமா யூனியன்ல பேசறேன்னேன். அதோட பேச்சு நின்னுடுச்சு. பர்மனென்ட்ங்கிற வார்த்தைக்கு அந்தச் சனங்க மத்தியில இருந்த மவுசு அப்படி. எந்த பிளாக்குல குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கன்னு புருஷனும் பெண்சாதியும் பேசிக்கிறதை நானே கேட்டிருக்கேன். பாவம், சந்தோஷமாத்தான் பேசிக்கிட்டாங்க.

ஏற்பாடு மாசக்கணக்கா அருமையா நடந்துச்சு. கொய்ங் சத்தம் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிச்சு. ராத்திரி அசந்து தூங்கினேன். காந்திமதி கரண்டியை உரசினாலும் சிரிச்சேன். என்னங்க, பழைய மனுஷனா ஆயிட்டீங்களேன்னு அவ அழுதுட்டா. அந்தத் தூக்கத்தோட அருமை, அதைத் தொலைச்சுட்டுத் திரும்பக் கிடைச்சவனுக்குத்தான் தெரியும்.

அன்னைக்கு மத்தியானம் பெல்ட் நின்னுது. பாவாடையை டீ வாங்க கேன்டீனுக்கு அனுப்பினேன். கேன்டீன் டீயைக் குடிச்சவங்களுக்குத் தெரியும், அதுக்கு ஒரு ஆளை அனுப்புறது எவ்வளவு அநியாயம்னு. அவன் திரும்பறதுக்குள்ள கன்ட்ரோல் ரூம்லேருந்து போன். மிஷின் காத்துக்கிட்டிருக்கு, பெல்ட்டை ஓட்டுன்னாங்க. எட்டிப் பாத்தேன். பொம்பளைங்க கரையில உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தாங்க. அதுல வீரம்மாள் இல்ல. அதையும் பாத்தேன்.

இறங்கிப் போய்ப் பாத்திருக்கலாம். போன்ல கத்துவாங்க, அதுவும் காதுக்குத்தானே கேடு. துணியை உருவிட்டு சைரன் அடிச்சிருக்கலாம். அப்போ இத்தனை மாசத் தூக்கம் என்ன ஆகும்? வீரம்மாள் தண்ணி மோக்கப் போயிருப்பாள்னு நினைச்சேன். உங்ககிட்ட மறைப்பானேன், அப்படி நினைச்சது சுவிட்சைப் போட்டதுக்கு அப்புறம்.

பொம்பளைங்க கத்தினாங்க. காதுல பஞ்சு, குழம்புக்குச் சண்டை போடுறாங்கன்னு இருந்துட்டேன். யாரோ ஓடிப்போய் அவசரக் கயித்தை இழுத்து நிறுத்துறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் முதல்ல சைரன்லேருந்து துணியை உருவினேன். அப்புறம்தான் கீழ ஓடினேன்.

விசாரணைக்கு வந்தவங்க சைரனை அடிச்சுப் பாத்தாங்க. கணீர்னு அடிச்சுது. நான் காதைப் பொத்திக்கிட்டேன். சைரனே வரலைன்னு பொம்பளைங்க சொன்னாங்க. அவங்க பேச்சை யாரு எழுதிக்கிறா? செத்துப்போன அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பும்னு நான் தணிஞ்ச குரல்ல சொன்னேன். காதுக் கஷ்டம் பட்டவன் சொன்னா அதுல ஒரு உருக்கம் இருக்குமில்லையா, நம்பிட்டாங்க.

பாவாடை டீத்தூக்கைக் கீழ வைக்காம நின்னுக்கிட்டிருந்தான். தனியாக் கூட்டிப் போய் எடுத்துச் சொன்னேன். துண்டு காட்ட வேண்டிய ஆளு நீ, அந்த நேரத்துல நீ எங்க போனேன்னு கேட்டா மாட்டிக்குவே, பர்மனென்ட்டும் போயிடும்னேன். டீக்கு அனுப்பினது யாருன்னு அவன் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்.

"அவளுக்குக் காது நல்லாக் கேக்குங்க சார். நான் தெருமுனையில வந்துகினு இருக்கும்போதே சைக்கிள் சத்தத்தை வச்சி சோறு போட்டுடுவா."

அவ்வளவுதான் பேச்சு. நான் வாக்குத் தவறல டாக்டர். யூனியன்ல கையைக் காலைப் புடிச்சு அவனை பர்மனென்ட் ஆக்கினேன். குவார்ட்டர்ஸும் கிடைச்சுது, ஒத்தை ஆளா இருக்கான். இப்போ என் கேபின்லயே ஹெல்ப்பர். சைரனை அவன்தான் அடிக்கிறான், நான் அந்த நேரத்துக்கு எட்டப் போய் நின்னுக்குவேன். சைரனுக்கு அப்புறமும் கீழ இறங்கி, பெல்ட்டுக்கு அடியில இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஏறி வருவான்.

ஷிஃப்ட் பூரா எனக்கு எதிர்ல உக்காந்திருப்பான், இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. சத்தம் எனக்கு ஒத்துக்காதுன்னு தெரிஞ்சு நடந்துக்கிறான் டாக்டர், கட்டின பெண்டாட்டிக்குக்கூட என் மேல அவ்வளவு அக்கறை கிடையாது.