மைனஸ் குறி

பழைய சர்வரில் ஒரு நல்ல குணம் உண்டு. அப்டேட் போடு, அப்டேட் போடு என்று நச்சரிக்காது. அதற்கு அப்டேட் அனுப்ப ஆளே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி சர்வருக்குப் பெருசு என்று பெயர். அதன் இயங்குதளத்தைச் செய்த கம்பெனியே அதைக் கைகழுவி எட்டு வருஷமாகிறது. நெளிவுசுளிவு தெரிந்தவன் நான் ஒருவன்தான். கதவில் 'எதிர்கால மாற்றத் தலைமை அதிகாரி' என்று பலகை மாட்டியிருப்பவரும், பெருசு மக்கர் செய்தால் என் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

போன மாதம் பெருசின் லைசென்ஸ் முடிவதாக இருந்தது. முடிந்தால் புது சர்வர் வரும், நான் வீட்டுக்குப் போவேன். எனவே பெருசின் தேதியைப் பதினோரு வருஷம் பின்னால் தள்ளிவைத்தேன். அது பாட்டுக்கு ஓடியது. எதிர்கால அதிகாரி கைகுலுக்கினார்.

மறுநாள் குழந்தைகள் வார்டு நர்ஸ் வந்தார்.

"சார், உங்க பெருசுக்குப் புத்தி பிசகிடுச்சா? ரெண்டு வயசுப் பாப்பாவுக்கு மைனஸ் ஒன்பதுன்னு காட்டுது. மருந்து அளவே வர மாட்டேங்குது."

"பொறக்கறதுக்கு முன்னாடியே அட்மிஷன் போட்டா அப்படித்தாம்மா. இப்பவே சரி பண்றேன்."

சிரித்துக்கொண்டே போனார்.

தேதியைத் திருத்தினால் லைசென்ஸ் போய்விடும். ஆகவே மைனஸ் குறியை எடுத்தேன். இரண்டு வயதுக்காரிக்கு ஒன்பது வயது அளவில் மருந்துச் சீட்டு அச்சானது. ஐந்தரை வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் கச்சிதமாக வந்தது. பெரியவர்களுக்குப் பதினோரு வயது குறைந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும், கழித்தல் கணக்குதானே. பார்ப்பவர்கள் குழம்பக் கூடாதென்று சீட்டிலிருந்து வயதையும் எடுத்துவிட்டேன்.

நர்ஸ் மறுபடி வந்தார். "அளவு கூட இருக்கற மாதிரி தெரியுதே, சார்?"

"இருபது வருஷமா அது தப்பு பண்ணதில்லம்மா. நீங்க வந்து எத்தன மாசம்?"

முகம் சுருங்கியது. போய் மருந்தைக் கொடுத்தார். சாயங்காலம் பாப்பா இறந்துபோனாள்.

'மனிதத் தவறு' என்று விசாரணைக் குழு எழுதியது. நர்ஸுக்கு வேலை போனது. சர்வரில் எந்தப் பிழையும் பதிவாகவில்லை என்று நான் சாட்சி சொன்னேன். அது பொய்யில்லை, பதிவாகவில்லை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நான்தான் செய்தேன். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பெருசின் கணக்கில் அந்தப் பாப்பா பிறக்கவே இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. அதற்குள் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.