இடத்து மாட்டுக்கு வந்த கடிதங்கள்

என் லெண்டிங் லைப்ரரியில் ஃபேன் மாட்டிய பிறகுதான் உங்கள் வீட்டுக்காரர் அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார். செங்கம் ரோட்டு வெயில் அப்படி. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் நேரே வந்து, அந்த வாரம் எழுதியதைப் படித்துக் காட்டுவார். என் மனைவி போன பிறகு என்னோடு உட்கார்ந்து பேச வேறு ஆளில்லை, குசுமாவதியம்மா. நேற்று நீங்கள் கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

'இடத்து மாடு' நாவலை நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். ஏரில் இடப்பக்கம் பூட்டிய மாடே தன் கதையைச் சொல்கிறது. பதினாலு வருஷம் ஒரு நயினார் வீட்டுக்கு உழுது, கால் ஓய்ந்ததும் அடிமாட்டுக்குப் போகிறது. 'இவர்கள் என்னைக் கொல்லமாட்டார்கள். கொல்லுகிறவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார்கள்' என்று அந்த மாடு சொல்லும். ஜம்புகுமார் வாத்தியார் தானும் ஒரு சமண நயினாராக இருந்துகொண்டு சொந்த ஜனத்தை அப்படி எழுதினார். எழுபத்தெட்டில் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் தம் முகவரியைப் போட்டு, வாசகர்கள் எழுதும்படி கேட்டிருந்தார்.

எழுதினார்கள். எல்லாம் பாராட்டு. போளூரிலும் வேலூரிலும் கூட்டம் போட்டு அழைத்தார்கள். என்னிடம் வருவது நின்றது. பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பிடித்து, "என்ன வாத்தியாரே, ஆளையே காணோம்?" என்றேன்.

"அலைச்சல் ஜாஸ்தி சக்கரபாணி. அப்புறம் வர்றேன்" என்று சிரித்தபடி பஸ் ஏறிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு யாரோ செய்யாற்றுக்காரர் அவரைத் திட்டிக் கடிதம் போட்டார். அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் என்னிடம் ஓடிவந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். நான் தேற்றினேன். அந்தச் செய்யாற்றுக்காரர் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த திட்டுக் கடிதங்கள் நாற்பத்தொன்றும் கையெழுத்தை மாற்றி மாற்றி நான் எழுதியவை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்களிடம் கொடுத்து, "ஊருக்குப் போனதும் பெட்டியில போட்டுடுங்க, இங்க போட்டா லேட்டாவுது" என்பேன். மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஆரணி, திண்டிவனம், வந்தவாசி என்று முத்திரையெல்லாம் அசலாக விழுந்தது. நயினார் பெயர் போட்டு எழுதியவைதான் அவரை அதிகம் உலுக்கின. ஆகவே அப்படியே அதிகம் எழுதினேன். தவறாமல் வந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். டீ வாங்கிக் கொடுப்பேன். நல்ல நாட்கள் அவை.

போன தையில் அவர் சாப்பாட்டை நிறுத்தினார். நோன்பு என்று நினைத்தீர்கள். உண்ணாநோன்பு எடுத்தவரை உங்கள் ஜனம் தடுக்காது, கும்பிடும். ஊரே வந்து வாசலில் கும்பிட்டது. பதினோராம் நாள் நானும் வந்தேன். நீங்கள் உள்ளே போன சமயம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நோன்பில்ல சக்கரபாணி. எங்க ஜனமே என்னை வேணாம்னுடுச்சு. வாசல்ல கும்புடறவங்கள்ல எவரெவரு எழுதினாங்களோ, தெரியலியே. எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் சாப்பிடறது?"

அத்தனையும் நான் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து கஞ்சி குடித்திருப்பார். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குடித்த பிறகு என் வாசற்படியை மிதித்திருக்கமாட்டார். அதை என்னால் தாங்க முடியாது. "மனசத் தளர விடாதீங்க வாத்தியாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நாலு நாளில் போய்விட்டார்.

நேற்று நீங்கள் கொண்டுவந்த கடிதம் ஜினமதி என்ற பெயரில் நான் எழுதியது. 'ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு உங்கள் நாவலை எடுத்தேன், குமட்டியது' என்று அதில் இருக்கிறது.

"பொழுது சாஞ்சா நாங்க வாயில ஒண்ணும் வைக்கமாட்டோங்க. இது எங்க ஜனம் எழுதினதில்ல. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

உங்கள் வீட்டில் எத்தனையோ நாள் வெயில் இருக்கும்போதே எனக்கும் இலை போட்டிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் அப்படி எழுதிவிட்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். வாத்தியாருடைய கண்ணில் அது படவில்லை. பாவம், திட்டைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படாத காலம் அது.

இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுப்பதானாலும் கொடுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவர் பாதியில் விட்ட இரண்டாவது நாவல் உங்கள் பரணில் இருக்கிறது. எவர் வந்து கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் கொடுங்கள். அவருக்கு உண்மையான வாசகன் என்று கடைசிவரை கூட இருந்தது நான் ஒருவன்தான்.