ஆறே காலுக்கு ஆன்லைன்

டிரைவர் பாட்டுப் போடாத அபூர்வமான காலை அது. ஒத்தக்கடையில் ஏறிய இரண்டு டீச்சர்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். டிபன் பையை மடியில் வைத்ததுமே மூத்தவர் சொன்னார்:

"செத்துப்போன பொண்ணுக்கு எம் மகன் ஜாதகத்த அனுப்பிட்டேன் டீச்சர்."

"என்ன சொல்றீங்க?"

"கல்யாண வெப்சைட்லதான். இந்தப் பொண்ணு உங்க மகன் படத்தப் பாத்துச்சுன்னு வந்துச்சு, இப்ப ஆன்லைன்ல இருக்குன்னு பச்சைப் புள்ளியும் காட்டுச்சு. ஜாதகம் அனுப்புனேன், பதிலே இல்ல. காசு கட்டுனா நம்பர் தாரோம்னாய்ங்க. கட்டிட்டேன். போன் போட்டா அவ அப்பாதான் எடுத்தாரு. பொண்ணு தவறி ரெண்டு வருசமாச்சாம்."

"அப்பறம் எப்படி ஆன்லைன்ல?"

"காசு கட்டாதவங்களுக்கு அம்புட்டுப் பேரையும் அப்படித்தான் காட்டுவாய்ங்க போல. அப்பத்தான நம்ம கட்டுவோம்."

"அந்த மனுசன் திட்டுனாரா?"

"இல்ல. உங்க மக பாத்துச்சுன்னு காட்டுச்சேன்னு சொன்னேன். அப்பறம், எம் மக எத்தன மணிக்குப் பாத்தான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"காலையில ஆறே காலுன்னேன்."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"அவ எந்திரிக்கிற நேரந்தான்னாரு, டீச்சர்."