சத்தம் போடாத வண்டி

அந்தக் கதவா சார்? கண்ணாடி இருந்த எடம். இப்போதைக்கு அட்டை வெச்சு அடைச்சிருக்கோம். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, நீங்க பாக்க வந்திருக்கீங்களே பயிற்சி ஆளு, அது பண்ண வேலைதான். இருங்க, அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. ஓனரம்மா ரிப்பேர் பாத்த வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாக்கப் போயிருக்காங்க. வந்துடுவாங்க.

என்ன நடந்துச்சுன்னா, பேட்டரி வண்டி ஒண்ணு இங்க நின்னுச்சு. சாவி போட்டிருக்கு, ஆனா சத்தம் இல்லை. பெட்ரோல் வண்டியில பழகின ஆளுக்கு, சத்தம் இல்லைன்னா வண்டி தூங்குதுன்னு அர்த்தம். நம்ம ஆளு வண்டிய நல்லாத் தொடைச்சிட்டு, இறுக்கமா இருக்கான்னு பாக்க ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குச்சு. பெட்ரோல் மெக்கானிக் யாரா இருந்தாலும் பண்ணுவான் சார், கை தானாப் போகும். வண்டி கதவைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்ல தையக் கடை வாசல்ல போய்ச் சாஞ்சுது. ஆளு மட்டும் இங்கயே நிக்குது, முறுக்கின கையோட. யாருக்கும் அடி இல்லை. தையக்காரர்தான் அன்னியிலேர்ந்து மெஷினைத் திருப்பிப் போட்டு, நம்ம கடையப் பாத்தபடியே தைக்கிறாரு.

நானா சார்? நரைச்ச தலையப் பாத்துக் கேக்குறீங்க. ஆமா, ரொம்ப வருஷமா வண்டித் தொழில்தான். ரெண்டு தெரு தள்ளி எனக்கே ஒரு பட்டறை இருந்துச்சு. இந்த ஓனரம்மாவே என்கிட்டதான் பயிற்சிக்கு வந்தாங்க. இப்ப மாதிரியே அப்பவும் பயிற்சி ஆளு சம்பளத்துல பாதிய உங்க ஆபீஸ்தான் குடுத்துச்சு. உங்களுக்கு முன்னாடி இருந்த சார் வருவாரு, குட்டையா, எப்பவும் இருமிக்கிட்டு. அந்தப் பாதி கிடைக்கலைன்னா நான் ஆள் வெச்சிருக்கவே மாட்டேன், அதுவும் ஒரு பொண்ணை. பேட்டரி வண்டியும் கத்துக்கலாமேன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப, பொம்மை வண்டிக்கு மெக்கானிக் எதுக்கும்மான்னு சிரிச்சேன். அப்புறம் ஊருல பாதிப்பேரு பொம்மை வண்டி வாங்கிட்டாங்க, இவங்க அதுக்குன்னே இந்தக் கடையத் தொறந்துட்டாங்க. பட்டறைய மூடின அன்னிக்கு ஷட்டர் பாதியில சிக்கிடுச்சு. இவங்கதான் வந்து கூட இழுத்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். ஷட்டர்ல தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

ஆளு எப்படின்னா... உள்ளதச் சொல்றேனே. மந்தம். போதாக்குறைக்கு எதிர்ப்பேச்சு வேற. பெட்ரோல் வண்டியில இப்படி இல்லையேன்னு எதுக்கெடுத்தாலும் ஆரம்பிச்சுடும். ஓனரம்மாவுக்குப் பொறுமை ஜாஸ்தி. கோவம் வந்தா பேச மாட்டாங்க, போய்த் தண்ணி குடிப்பாங்க. இந்த ஆளு வந்ததுலேர்ந்து கடையில தண்ணி கேன் சீக்கிரம் தீருது. இந்த வண்டிக்கும் சத்தம் உண்டு, காது குடுத்துக் கேளுங்கன்னு தெனமும் சொல்லித் தர்றாங்க. ஆளு நல்லாத் தலைய ஆட்டும். ஒண்ணும் கேக்காது. காலமெல்லாம் எஞ்சின் கத்தினதையே கேட்ட காது.

நிறுத்திடலாமாவா? ஐயோ, அப்படி எழுதிடாதீங்க சார். ஆளு தேறாதுன்னு நீங்க எழுதினா உங்க பாதி நின்னுடும். முழுசும் குடுக்க இந்தக் கடைக்குத் தெம்பு கிடையாது. ஆனா ஓனரம்மா வாயத் தெறந்து போன்னு சொல்ல மாட்டாங்க. தான் பட்டினி கிடந்தாவது வெச்சுக்குவாங்க. அதுக்குத்தான் பயமா இருக்கு. அப்ப ஆளு தானாவே கெளம்பிடணும். கெளம்பி எங்க போறது, இந்த வயசுல யாரு சேத்துக்குவா?

கூப்பிடணுமா? யாரை? அட, பயிற்சி ஆளு நான்தான் சார். உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன். வயசுக்கு மேல்வரம்பு இல்லைன்னு உங்க ஆபீஸ்லயே கேட்டுட்டுதான் சேந்தேன். சிரிங்க சார், அடக்காதீங்க. தையக்காரரும் சிரிச்சாரு.

ஒரு நிமிஷம், பேசாதீங்க. ஓனரம்மா வர்றாங்க. இல்லை, இன்னும் முனை திரும்பலை. உங்களுக்குக் கேக்கலையா? மெலிசா, காது ஓரத்துல கொசு பறக்குற மாதிரி. கூடவே கிறீச் கிறீச்னு... பின் பிரேக் உரசுது சார். எவனோ சரியா மாட்டலை.

காலையில நான்தான் மாட்டினேன். அதையும் எழுதிக்குங்க, பரவாயில்லை. ஆனா ஆளுக்கு இப்பக் கேக்குதுன்னு மறக்காம எழுதுங்க சார்.