பன்னிரண்டு அடி

கேமராவை வாங்கி ஆறு வாரம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு டி.வி. எதற்கு என்று நினைத்தேன். வாங்கச் சொன்னது டெல்மர்தான். "உனக்குக் கண்ணும் போச்சு வெண்டல், பொறுமையும் போச்சு. இத வாங்கித் தண்ணிக்குள்ள விடு. மீன் உன்னப் பாத்துச் சிரிக்கறதயாவது பாக்கலாம்" என்றான். அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

போலீஸ் உடுப்பில் வந்திருந்தாலும் நீங்கள் லைலின் மகள், அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பா, நான், டெல்மர் கோஸ்கி மூன்று பேரும் ஒரே மர மில்லில் இருந்தோம். முப்பத்தோரு வருஷம் நான் ரம்பத்தில் நின்றேன். இந்தக் கையில் இரண்டு விரல் அதற்குப் போனது. அன்றைக்கு டெல்மர் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொட்டிவிட்டு, பனியை அள்ளிப் போட்டு, அதில் என் விரல்களை வைத்துக்கொண்டு எழுபது மைல் வண்டி ஓட்டினான். விரல் ஒட்டவில்லை. அது அவன் தப்பில்லை. அவன் நல்லவன் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லி, நான் மறைத்ததுபோல் ஆகக்கூடாது.

கோணல் ஏரியில் இருக்கும் என் குடிசைக்குள் நேற்று போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒட்டுப்பலகைச் சுவர், உள்ளே கறுப்புப் பெயின்ட், ஜன்னல் கிடையாது. உள்ளே இருட்டாக இருந்தால்தான் கீழே தண்ணீர் தெளியும். ஏரி உறைந்ததும் ஐஸில் ஒரு ஆள் இறங்கி ஏறலாம் என்கிற அளவுக்கு ஓட்டை அறுத்து, மேலே குடிசையை இழுத்து வைப்போம். மரத்தில் செய்த பொய்மீனை நூலில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பைக் மீன் பார்க்க வரும். வந்தால் ஈட்டி. என் அப்பாவும் அப்படித்தான் பிடித்தார். கேமரா வந்த பிறகு நான் ஓட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த மீன் வந்தது முதல் வருஷம் ஜனவரியில். நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. பொய்மீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது. செவுள் மட்டும் திறந்து மூடியது. ஈட்டி என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மறுநாளும் வந்தது. அதற்குப் பிறகு நாலு குளிர்காலம், காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாக வருவாள். இருபது நிமிஷம் நிற்பாள். சில நாள் அரைமணி. என்னோடு அவ்வளவு நேரம் ஒன்றும் கேட்காமல் யாரும் இருந்ததில்லை. என் மனைவி எலெய்ன் டுலூத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். சண்டை எதுவும் இல்லை. குளிருக்காகப் போனாள், பனி உருகிய பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள்.

டெல்மரிடம் சொன்னது என் தப்பு. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை பாரில் மீன் வறுவல். கூட்டம் இருந்தது. டெல்மர் உள்ளே வரும்போதே ஆரம்பித்தான்.

"டேய் வெண்டல், உன் புதுப் பொண்டாட்டி எப்படிடா இருக்கா? இன்னும் வாயத் தொறக்கலியா?"

"தொறக்காததாலதான் குடும்பம் நடக்குது" என்றான் பார் நடத்தும் கிளேட்டன்.

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு வர்றேன். ஒரே குத்து. இந்தச் செவுத்துல, அந்த மான் தலைக்குப் பக்கத்துல மாட்டிடறேன். நீ இங்க உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டே பாத்துக்கோ. பேட்டரியும் மிச்சம்."

"வராத டெல்மர்" என்றேன்.

"வந்தா என்னடா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் குடிசையை நகர்த்தினேன். இதை நீங்கள் பெரிதாக எழுதிக்கொள்கிறீர்கள். குளிர்காலத்தில் நாலைந்து தடவை எல்லோரும் நகர்த்துவதுதான். அவள் பாசி ஓரமாகப் போகத் தொடங்கியிருந்தாள், நானும் அந்தப் பக்கம் புது ஓட்டை அறுத்து, குடிசையைப் பன்னிரண்டு அடி தள்ளினேன். கரைக்கு எதிர்ப்பக்கம். அதனால் கரையிலிருந்து வரும் தடத்தில், என் கதவுக்கு முன்னால், பழைய ஓட்டை வந்துவிட்டது. அது அமைந்த விதம்.

பழைய ஓட்டையை விட்டுவிட்டுப் போகும்போது வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக இரண்டு பக்கமும் தேவதாரு கிளை நட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான் நடவில்லை. கிளை கிடைக்கவில்லை என்று நேற்று சொன்னேன். உங்கள் போட்டோவில் என் வண்டிக்குப் பின்னால் நாலு கிளை கிடக்கிறது. சரி, கிடைத்தது. நடவில்லை.

திறந்த ஓட்டை பார்க்க நன்றாக இல்லை என்று பனியை அள்ளி மேலே போட்டேன். மண்வாரியால் தட்டிச் சமன் செய்தேன். பனியைப் போர்த்தினால் அடியில் ஐஸ் கெட்டிப்படாது என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இந்த ஏரியில் நடக்கிற எல்லோருக்கும் தெரியும், டெல்மருக்கும் தெரியும். அவன் குனிந்துகொண்டு வந்தான். சறுக்குவண்டியை இழுத்து வருகிறவன் குனிந்துதான் வருவான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். கேமராவின் இரண்டு பக்கமும் சின்ன விளக்கு இருக்கிறது. அதைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தேன். முழு வெளிச்சம் அவளுக்குப் பிடிக்காது. தூரத்தில் அவன் குரல் கேட்டது. "மாப்ளே, பொண்ணு ரெடியா?" என்று கத்திக்கொண்டே வந்தான். காலடிச் சத்தம் ஐஸில் இறங்கியதும் அவள் துடுப்பை ஒரு தடவை அசைத்தாள், போய்விட்டாள். அவன் நடந்தால் இரண்டு மைலுக்கு ஒரு மீன் நிற்காது. பல தடவை சொல்லியிருக்கிறேன்.

பிறகு தட்டு உடைவதுபோல் ஒரு சத்தம். அதோடு "அட" என்றான். பயந்த குரல் இல்லை. வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவன் சொல்வதுபோல.

வெளியே ஓடவில்லையா என்று கேட்பீர்கள். ஓடியிருக்கலாம். திரையில் தெரிந்ததால் அதைப் பார்த்தேன். முதலில் குமிழி, அப்புறம் சேறு கலங்கல், அதிலிருந்து ஒரு பூட்ஸ். விழுந்த வேகத்தில் ஐஸுக்கு அடியில் சறுக்கிப் போய்விட்டான். தொப்பி போய்விட்டது. ஐஸின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் தடவினான், இருட்டில் சுவிட்ச் தேடுகிறவன் மாதிரி. விழுந்த ஓட்டைக்கு முதுகு காட்டித் தேடினான். தண்ணீருக்குள் திசை தெரியாது.

அப்புறம் விளக்கைப் பார்த்தான்.

பார்த்ததும் திரும்பிவிட்டான். கண் திறந்திருந்தது. அந்த எடையுள்ள கோட்டோடு, ஐஸைக் கையால் தள்ளித் தள்ளி நேராக வந்தான். மீன்கூட அவ்வளவு நேராக வராது. விளக்குக்கு நேர் மேலே என் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் நான் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஆறடி வந்திருந்தால், கையை விட்டு அவன் காலரைப் பிடித்திருக்கலாம். எட்டு விரல் அதற்குப் போதும்.

விளக்கை அணைத்தேன்.

நேற்று கேட்டபோது விளக்கே கிடையாது என்றேன். ஈட்டி வைத்திருக்கும் குடிசையில் விளக்குப் போட்டால் அபராதம் போடுவார்கள். அதற்குப் பயந்து சொன்ன பொய். மற்றபடி நான் சட்டத்தை மீறுகிறவன் இல்லை.

திரை சாம்பல் நிறமாகிவிட்டது. ஐஸில் இரண்டு தட்டு கேட்டது. ஓட்டைக்கு இடது பக்கம், அடுப்புக்குக் கீழே. கதவைத் தட்டுகிற மாதிரித்தான் தட்டினான், அவசரமில்லாமல். மூன்றாவது கேட்கவில்லை. அடுப்பைக் கொஞ்சம் குறைத்தேன். வியர்த்திருந்தது.

உங்களுக்கு போன் செய்தது பன்னிரண்டு பத்துக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் என்ன செய்தாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். விளக்கை மறுபடி போட்டு, அவள் வருகிறாளா என்று காத்திருந்தேன். பதினொன்றே காலுக்கு வந்தாள். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவன் கை தண்ணீரில் லேசாக ஆடியது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. அன்றைக்குத்தான் அதிக நேரம் நின்றாள். அவள் போன பிறகு போன் செய்தேன்.

இப்போது நீங்கள் ஒரு பட்டியல் வாசிக்கிறீர்கள். அவன் சறுக்குவண்டியில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்கில் காபி, இரண்டு கோப்பை, அவன் மனைவி ஆர்லீன் சுட்டுக் கொடுத்த ஏலக்காய் ரொட்டி. ஈட்டி இல்லை. அவன் ஈட்டி கொட்டகையில், ஒட்டடைக்கு நடுவில், ஆணியில் தொங்குகிறது என்கிறீர்கள். கிளம்பும்போது ஆர்லீனிடம் சொன்னானாம்: "பாவம்டீ, அவன் சொல்லிச் சொல்லி எனக்கே ஆசையாருக்கு. ஒரு தடவ அந்த மீனப் பாத்துட்டு, அவனோட ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறேன்."

ஆர்லீன் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் இரண்டு கோப்பையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. குத்த வருகிறவனும் காபி குடிப்பான். ஈட்டி கொண்டுவர வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. என் ஈட்டி குடிசையிலேயே இருக்கிறது, எட்டி எடுத்திருப்பான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்க்க மட்டும்தான் வந்தான் என்கிறீர்கள். இருக்கலாம். நானும் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.