ஓடுடா ராசா

தங்கச்சி: எல்லாம் உன்னாலதான். ஆபீஸ் பெரிய ஸ்கிரீன்ல, தலைமை நர்ஸ் முன்னாடி, "ஓடுடா ராசா, ஓடு"ன்னு வந்து நிக்குது!

அண்ணன்: ஐயோ... அதை ஆஸ்பத்திரியிலயா ஓட்டினே?

தங்கச்சி: நான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல வேலை பாக்கறேண்ணே. வேற எங்க ஓட்டுவேன்? "நர்ஸுங்களுக்கு டியூட்டி போடற புரோகிராம் பேக்கேஜ் எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லு"ன்னு குடுத்தது நீ.

அண்ணன்: நீ உன் லேப்டாப்ல பாப்பேன்னு நெனச்சேன்...

தங்கச்சி: அதுலயும் பாத்தேன். பேக்கேஜை ஏத்தலாம்னு பில்ட் கருவியைத் தட்டினா, அது நீ எழுதின செட்டப் ஸ்கிரிப்டை ஓட்டுது. ஸ்கிரீன்ல படிக்குப் படி ஒரு கெஞ்சல்! "இந்த ஒரு தடவை மட்டும்"... "கால்ல விழறேன்"...

அண்ணன்: எந்தப் படியில நிக்குதுன்னு தெரிய நானா போட்டுக்கிட்டது. எடுக்க மறந்துட்டேன்.

தங்கச்சி: மத்தவங்க "படி ஒண்ணு, படி ரெண்டு"ன்னு போடுவாங்க.

அண்ணன்: போட்டுப் பாத்தேன். அதுக்கு இரக்கம் வரல.

தங்கச்சி: அப்புறம் என் லேப்டாப்ல உன் பேர் போட்ட ஃபோல்டரைத் தேடி, இல்லன்னதும் படுத்துடுச்சு.

அண்ணன்: என் கம்ப்யூட்டர்ல ஓடுச்சே!

தங்கச்சி: அப்ப அதை வார்டு வார்டா தூக்கிட்டுப் போ. திருத்திட்டேன், விடு.

அண்ணன்: திருத்தினியா? அப்போ... ஸ்கிரிப்ட் முழுக்கப் படிச்சியா?

தங்கச்சி: ஏன்?

அண்ணன்: சும்மா... ஸ்கிரீன்ல எத்தனை வரி வந்துச்சு?

தங்கச்சி: பதினொண்ணு.

அண்ணன்: பன்னெண்டு இல்ல?

தங்கச்சி: பதினொண்ணு. பன்னெண்டாவதுல என்ன இருக்கு?

அண்ணன்: ஒண்ணுமில்ல! எண்ணத் தெரியாதவன் நான்.

தங்கச்சி: ம்... மூணு வாரமா உனக்கு என்ன லீவுன்னு அம்மா கேட்டாங்க.

அண்ணன்: சேத்து வச்ச லீவு.

தங்கச்சி: காய்ச்சலோட ஆபீஸ் போன ஆளு நீ.

அண்ணன்: பேச்சை மாத்தாதே. பேக்கேஜ் எப்படி?

தங்கச்சி: எல்லாரும் சிரிச்சாங்க.

அண்ணன்: அது ஸ்கிரிப்டு. பேக்கேஜ்?

தங்கச்சி: தலைமை நர்ஸ், "நானும் லீவு கேக்கற நர்ஸ் பிள்ளைங்ககிட்ட இப்படித்தான் கெஞ்சறேன்"னாங்க.

அண்ணன்: விளையாடாதேம்மா. இதைக் காட்டித்தான் நான்... சரி, ஒரே கேள்வி. நல்லா இருக்கா, இல்லையா?

தங்கச்சி: நல்லா இருக்குண்ணே. மூணு வார்டுக்குப் போட்டுப் பாத்தோம், ஒருத்தருக்குக்கூட ரெண்டு டியூட்டி ஒண்ணா விழல. எழுதின ஆளை நாளைக்குப் பத்து மணிக்குப் பாக்கணும்னு எங்க மேலாளர் சொன்னார். "சும்மாதான் இருக்கான் சார், வருவான்"னுட்டேன். "வேலை போயிடுச்சு, வீட்ல இன்னும் சொல்லல, நீயாவது ஓடு"ன்னு இருந்துச்சே, அந்த வரியை மட்டும் ஆபீஸுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். வேலை போனதை அம்மாகிட்ட நீயே சொல்லிடு. வா, நானும் கூட வரேன்.